மினுக்கும் படம், எதிரொலிக்கும் குரல், உடையும் எழுத்து: வாசகர் கேள்வி–பதில்

சிறுவர், இளைஞர் குழுக்களோடு போன், கணினி வைத்துப் படம், பாட்டு, காப்பகம் என்று எதையாவது செய்துகொண்டிருப்பவர்களின் கேள்விகள் இந்த இதழில். "எதை வாங்கலாம்?" என்று தொடங்கும் கடிதங்கள் நிறைய. பதில்களில் வாங்குவதற்கான பட்டியல் அதிகம் இருக்காது. ஒட்டும் டேப்பும் மடித்த துண்டும்தான் அடிக்கடி வரும்.

கேள்வி: எங்கள் குழுவில் 12 மாணவர்கள், மூன்று போன்கள். களிமண் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்துக் கோக்கும் ஸ்டாப் மோஷன் படம் எடுக்கிறோம். ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் கூடிக் கூடிக் குறைகிறது, பின்னணி வேறு குதிக்கிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?
– ஓர் ஓவிய ஆசிரியை

பதில்: ஆகாது. புதுக் கேமராவையும் 'ஆட்டோ'வில் விட்டால் இதே மினுக்கல்தான் வரும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் போன் வெளிச்சத்தைப் புதிதாக அளக்கிறது. பொம்மையை நகர்த்தியவர் வெள்ளைச் சட்டையோடு அரை அடி முன்னால் நின்றால் போதும், அந்தப் படம் மட்டும் இருண்டுவிடும். எனவே வெளிச்சம், வண்ணச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் பூட்டுங்கள். ஐபோனில் திரையில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். பல ஆண்ட்ராய்டு போன்களில் 'ப்ரோ' முறை இருக்கிறது: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 அல்லது 200, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/50 விநாடி, வண்ணச் சமநிலையும் ஃபோகஸும் கையால் வைத்தது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள இடங்களில் விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். அதற்கு 1/50 அல்லது 1/100 பொருந்தும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120.

அடுத்த குற்றவாளி ஜன்னல். ஒரு மேகம் கடந்தால் 20 படங்கள் வீண். ஜன்னலை மூடி, இரண்டு மேசை விளக்குகளை இரு பக்கமும் வையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் விளக்கு வேண்டாம். எடுப்பவர்கள் அடர் நிறச் சட்டை போடட்டும்; ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கட்டும்.

பின்னணி குதிப்பதற்குக் காரணம், திரையைத் தொட்டு எடுப்பது. வயருள்ள இயர்போனைச் செருகினால் அதன் ஒலிப் பொத்தானே பல போன்களில் ஷட்டராக வேலை செய்யும். இல்லாவிட்டால் சின்ன ப்ளூடூத் ரிமோட். போனை ஏர்பிளேன் முறையில் போட மறக்காதீர்கள். நடுவில் ஓர் அழைப்பு வந்து போன் அதிர்ந்தால் காட்சியின் கோணமே மாறிவிடும். மேசைக் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். மேசையை யாராவது இடிக்கத்தான் போகிறார்கள்.

இனி அசைவு. விநாடிக்கு 12 படம் போதும். 10 விநாடிக்கு 120 படம். ஒரு பந்து ஒரு விநாடியில் 30 செ.மீ. உருள வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12 முறையும் சமமாக 2.5 செ.மீ. நகர்த்தினால் யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல இருக்கும். மாறாக 0.5, 1, 2, 3, 4, 4.5 செ.மீ. என்று கூட்டிக்கொண்டே போய், பிறகு அதே அளவுகளைத் தலைகீழாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மொத்தம் அதே 30 செ.மீ.தான். ஆனால் பந்து தானாகக் கிளம்பி, தானாக நிற்கும். இதை ஒருமுறை செய்து பார்த்த பிள்ளைக்கு அனிமேஷனில் பாதி புரிந்த மாதிரி. கண் சிமிட்டலுக்கு மூன்று படம்: பாதி மூடியது, மூடியது, பாதி திறந்தது. ஒரு பாவனை பார்ப்பவருக்குப் பதிய வேண்டுமானால் 6 முதல் 8 படங்களுக்காவது பொம்மை அசையாமல் நிற்க வேண்டும்.

ஒரு போனுக்கு நான்கு பேர். ஒருவர் நகர்த்துவார், ஒருவர் எடுப்பார், ஒருவர் தாளில் எண்ணிக்கை குறிப்பார், நான்காமவர் "கை எடுத்தாச்சா?" என்று பார்ப்பார். 24 படத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். கை எடுக்காத படம் என்பதுதான் இந்தக் கலையில் மிகப் பழைய பிழை.

கேள்வி: எங்கள் இளைஞர்கள் முதியவர்களிடம் போய்ப் பழைய பாட்டு, கதைகளைப் போனில் பதிவு செய்து வருகிறார்கள். போனில் கேட்டால் பரவாயில்லை. ஹெட்போனில் கேட்டால் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது. மென்பொருளால் சரிசெய்ய முடியுமா?
– ஒரு நூலகப் பொறுப்பாளர்

பதில்: இரைச்சலைக் குறைக்கலாம். எதிரொலியை நீக்குவது கடினம்; நீக்கினாலும் குரல் தேய்ந்துவிடும். அதனால் பதிவு செய்யும்போதே தவிர்க்க வேண்டும். தூரம் இரட்டித்தால் வாயிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டுத் திரும்புவதோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதுதான் குடம்.

போனை வாயிலிருந்து 20–30 செ.மீ. தூரத்தில், மோவாய்க்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் வையுங்கள்; நேர் எதிரே வைத்தால் 'ப', 'ப்பா' வரும்போதெல்லாம் மூச்சு மைக்கில் அறையும். வெறும் மேசையில் வைக்காமல் மடித்த துண்டின் மேல் வைக்கவும். மெத்தை, திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி உள்ள அறை நல்லது. டைல்ஸ் போட்ட வெறும் கூடம் ஆகாது. மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்துங்கள். குளிர்பெட்டியை மறுபடி போட மறந்துவிடுவோம் என்று பயமா? வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், போகும்போது தானாக நினைவு வரும்.

பாட்டின் உச்சமான வரியை முதலில் ஒருமுறை பாடச் சொல்லி ஒலி அளவைப் பாருங்கள். முள் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், கிழிந்தது திரும்பாது. ஒலியைச் சுருக்கும் எம்பி3 ஆக இல்லாமல், சுருக்காத வேவ் ஆகப் பதியும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைத் தடமாக, 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட்டில், நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 எம்பி ஆகும். அனுப்பும்போது மெசேஜ் செயலியில் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள், அது ஒலியை நசுக்கிவிடும். கோப்பு என்ற வகையில் இணைத்து அனுப்பலாம்.

பாட்டு முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் அமைதியைப் பதிந்துகொள்ளுங்கள். பின்னால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் இரைச்சலின் மாதிரியை எடுக்கச் சொல்லி, பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து 6 முதல் 12 டெசிபல் வரை குறைக்கலாம். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல ஆகும். மூலக்கோப்பின் மேல் இதைச் செய்யவே கூடாது, நகலில் செய்யுங்கள்.

பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பாடுபவர், பாட்டின் வகை நான்கையும் வாயால் சொல்லிவிட்டால், கோப்பின் பெயர் தொலைந்தாலும் விவரம் தொலையாது. கோப்புப் பெயரில் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசை இருக்கட்டும்: 2025-03-14_தாலாட்டு_01. அப்போதுதான் அடுக்கும்போது காலவரிசை வரும். மூன்று நகல், இரண்டு வேறு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில்.

அனுமதியை ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். பத்திரப்படுத்தலாமா? குழுவுக்குப் போட்டுக் காட்டலாமா? இணையத்தில் ஏற்றலாமா? பெயர் போடலாமா? நான்குக்கும் தனித்தனி பதில் வரும். "கேளுங்க, ஆனா ஊருக்கெல்லாம் போடாதீங்க" என்பது முழுமையான, மதிக்க வேண்டிய பதில்.

கேள்வி: வீடியோவில் தமிழ்த் தலைப்புப் போட்டால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடமாக வருகிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: குற்றம் எழுத்துருவில் இல்லை, எழுத்தைக் கோக்கும் இயந்திரத்தில். 'கொ' என்பதை யுனிகோடு 'க', அதன் பின் ஒகரக் குறி என்று வரிசையாகச் சேமிக்கிறது. அந்தக் குறியைப் பிளந்து கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் எந்த எழுத்துரு போட்டாலும் உடையும். வீடியோ தொகுக்கும் பிரீமியர் ப்ரோவில் ப்ரிஃபரன்ஸஸ் பகுதியில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் தெற்காசிய எழுத்துகளுக்கான இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டைப் பகுதியில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்'. மாற்றிய பிறகு பழைய எழுத்துப் பெட்டிகளை அழித்துப் புதிதாகத் தட்டச்சு செய்வது நல்லது.

உங்கள் செயலியில் அப்படி ஒரு வசதியே இல்லையென்றால் மல்லுக்கு நிற்க வேண்டாம். தலைப்பை இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து, வீடியோவின் மேல் ஓர் அடுக்காக வையுங்கள். படம் உடையாது. எந்த மென்பொருளையும் சோதிக்க ஒரு வரி போதும்: "கொக்கு, கோழி, கௌதாரி, மெய், ஸ்ரீ". ஐந்தும் சரியாக வந்தால் மற்றவையும் வரும்.

உடையாமலே ஏமாற்றும் எழுத்து ஒன்றும் உண்டு. 'ஔவை' என்று ஒரே எழுத்தாக 'ஔ' போட்டவர் ஒருவர்; 'ஒ', 'ள' இரண்டையும் தனித்தனியே தட்டி 'ஒளவை' என்று எழுதியவர் இன்னொருவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பாட்டுக் காப்பகம், படப் பட்டியல் வைத்திருப்பவர்கள் இதைத் தேடித் திருத்திவிடுங்கள்.

கேள்வி: அருங்காட்சியகங்களின் இணையதளத்திலுள்ள ஓவியங்களை எடுத்து மாணவர்கள் படத்தொகுப்பு, சுவரொட்டி செய்யலாமா? எது இலவசம், எது இல்லை என்று தெரியவில்லை.
– கைவினைப் பயிற்றுநர் ஒருவர்

பதில்: பல இடங்களில் தாராளமாகச் செய்யலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இல் தன் சேகரிப்பின் ஏராளமான படங்களை சிசி0 (கிரியேட்டிவ் காமன்ஸ் ஜீரோ) என்ற பிரிவில் திறந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் 2020இல் அதே வழிக்கு வந்தது. அங்கே முப்பரிமாண வடிவங்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் பெரிய அளவில் படங்களைத் தருகிறது. சிசி0 என்றால் வெட்டலாம், ஒட்டலாம், விற்கலாம், கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே தளத்தில் எல்லாப் படமும் அப்படி இருக்காது. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் நான்கு குறிகளைத் தெரிந்துகொண்டால் போதும். 'பிஒய்' என்றால் பெயர் சொல்ல வேண்டும். 'எஸ்ஏ' என்றால் உங்கள் படைப்பையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது. கடைசி ஒன்றுதான் படத்தொகுப்புக்காரர்களை மாட்டிவிடுவது: 'என்டி' படத்தை வெட்டி ஒட்டி வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஊருக்குக் காட்ட முடியாது. 'பிஒய்-எஸ்ஏ' படத்தையும் 'பிஒய்-என்சி-எஸ்ஏ' படத்தையும் ஒரே படத்தொகுப்பில் கலந்தாலும் சிக்கல். இரண்டு நிபந்தனைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

படத்தை இறக்கும் அதே நிமிடம் ஒரு தாளில் தலைப்பு, படைத்தவர், எடுத்த பக்கம், உரிமம் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு தேடலாம் என்று விட்டால் தேட முடியாது. "கூகுளில் கிடைத்தது" என்பது மூலம் ஆகாது. கூகுள் தேடுகிற இடம், படத்துக்கு உரியவர் அல்லர்.

பயிற்சிக்கு ஒரு யோசனை: 30 படங்களைக் கொடுக்காமல், மிகப் பெரிய அளவில் ஒரே படத்தைக் கொடுங்கள். பெரிதாக்கிப் பார்த்து, அதிலிருந்து ஐந்து சிறு பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்து ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். மூலையில் இருக்கும் நாய்க்குட்டி, விரலில் இருக்கும் மோதிரம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

கேள்வி: பத்து வயது மகள் நன்றாக வரைகிறாள். திரையுள்ள வரைபலகை வாங்கித் தரலாமா?
– ஒரு தந்தை

பதில்: இப்போது வேண்டாம். தாளில் வரையட்டும். வரைந்ததைச் சரியாகப் படமெடுக்கக் கற்றுக்கொடுங்கள்: தாளுக்கு நேர் மேலே, தாளுக்கு இணையாகப் போன், வெளிச்சம் இரு பக்கமும் 45 பாகையில், கிட்டே வைத்து எடுக்காமல் சற்று விலகி 2 மடங்கு ஜூமில், இல்லாவிட்டால் ஓரங்கள் வளையும். ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). ஏ4 தாள் 2480க்கு 3508 புள்ளிகளாக வரும், அதே அளவில் அச்சிட அது போதும். அதற்குப் பிறகும் திரையில்தான் வரைவேன் என்று நின்றால், திரையில்லாத சின்னப் பேனாப் பலகையும் கிரிதா என்ற இலவச மென்பொருளும் போதும். கை ஓரிடம், கண் ஓரிடம் என்பதற்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே மூலையில் போட்டுவிடுவாள், பொறுங்கள்.

கேள்வி: ஓவியப் போட்டிக்கு வந்த சில படங்கள் ஏஐ செய்தவை என்று சந்தேகம். கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பலாமா?
– போட்டி அமைப்பாளர் ஒருவர்

பதில்: நம்பி ஒரு பிள்ளையைக் குற்றம் சாட்டாதீர்கள். தானே வரைந்ததை இயந்திரம் வரைந்தது என்று அந்த மென்பொருள் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த முறை வரைய வராது. விதியை முன்கூட்டியே மாற்றுங்கள்: முடிந்த படத்தோடு, நடுவில் எடுத்த மூன்று நிலைகளும் வர வேண்டும். தாளில் வரைபவர் போனில் மூன்று முறை படமெடுத்தால் ஆயிற்று. கணினியில் வரைபவர் அடுக்குகள் கலையாத மூலக்கோப்பைத் தரலாம். கிரிதாவின் 5ஆம் பதிப்பிலிருந்து வரைவதைப் பதிவு செய்யும் 'ரெக்கார்டர்' இருக்கிறது. ஆனால் வரையத் தொடங்கும் முன்பே அதை இயக்க வேண்டும். ஏஐ வைத்துச் செய்பவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்தால் பொய் சொல்லும் தேவையே பாதி குறையும்.

கேள்வி: எங்கள் நாடகக் குழுவில் காது கேளாத ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் இருக்கிறார்கள். குழுவின் வீடியோக்கள் அவர்களுக்கும் எட்ட என்ன செய்யலாம்?
– ஓர் இளைஞர் குழு

பதில்: வசன வரிகளில் தொடங்குங்கள். தானாக எழுதித் தரும் வசதி தமிழில் தடுமாறும். அதை முதல் வரைவாக மட்டும் வைத்துக்கொண்டு கையால் திருத்துங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பேச்சு மட்டுமல்ல, [கதவு தட்டும் ஓசை] போன்றவையும் வர வேண்டும். வசன வரிக் கோப்பினை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமிக்காவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாக வரும். வசன வரிக் கோப்பு இரண்டு வகை: எஸ்ஆர்டி கோப்பில் விநாடிக்குப் பின் காற்புள்ளி (00:00:05,000), வெப்விடிடி கோப்பில் புள்ளி. வரியே வரவில்லை என்றால் முதலில் அந்தப் புள்ளியைப் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு இருக்கட்டும்.

பார்வையற்ற நண்பரைப் பார்வையாளராகவே உட்கார வைக்காதீர்கள். ஆடாசிட்டியை மவுஸே தொடாமல் விசைப்பலகையாலும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் கொண்டும் இயக்கலாம். ஒலித்தொகுப்பை அவர் பொறுப்பில் விடுங்கள்.

கேள்வி: எங்கள் மையத்தில் இணையம் விட்டு விட்டு வருகிறது. இருபது பிள்ளைகள். என்னதான் செய்வது?
– ஒரு தன்னார்வலர்

பதில்: இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி, இணையம் இல்லாத இடத்தில் பயன்படுத்துங்கள். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி, விக்கிப்பீடியாவை முழுதாக ஒரே கோப்பாக ('ஜிம்' வகை) வைத்துப் படிக்க உதவும். தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அப்படிக் கோப்பு உண்டு. படங்களோடு கூடிய ஆங்கிலப் பதிப்பு 100 ஜிபியை ஒட்டியோ தாண்டியோ போகும், அதனால் முதலில் தமிழிலேயே தொடங்குங்கள். பிள்ளைகளுக்கான நிரலாக்கக் கருவியான ஸ்கிராட்ச் (எம்ஐடி மீடியா லேப் 2007இல் வெளியிட்டது) கணினியில் நிறுவிக்கொள்ளும் வடிவிலும் கிடைக்கிறது. பிள்ளைகள் செய்யும் விளையாட்டுகளை எஸ்பி3 கோப்பாகப் பென் டிரைவில் எடுத்துப்போகலாம்.

அடிக்கடி நேரும் தடங்கல் ஒன்று. பெரிய கோப்பைப் பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ ஏற்றும்போது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் "இடமில்லை" அல்லது "கோப்பு மிகப் பெரியது" என்று நின்றுவிடும். அந்த டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கிறது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து மறுபடி ஏற்றுங்கள். பழைய போன் சிலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. எனவே இருபது பேருக்கும் கார்டு தயாரிக்கும் முன் ஒன்றைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.